கதவு எப்போ வரும்?

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் 2025 ஆண்டுச் சந்திப்பில் பேசியது. பேசினபடியே எழுதித் தரச் சொல்லி மலர்க்குழு கேட்டுக்கொண்டதால், நடுவில் மைக் நின்றுபோனதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதியிருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'பணி ஓய்வுக்குப் பின் வாழ்க்கை'. யோகா, பேரப்பிள்ளை, சர்க்கரை மாத்திரை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் உண்மையைச் சொல்லணும்னா, 2018-ல் போக்குவரத்துக் கழகத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முழுசாக ஆறு வருஷம் நான் ஒரே ஒரு வேலைதான் பார்த்தேன். நூலகக் கதவுக்காகக் காத்திருந்தேன்.

சீனியர் மாணவர்களுக்கு அந்தப் பிளைவுட் கதவு ஞாபகம் இருக்கும். "டெம்ப்ரவரி" என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்களே, அதுதான். அந்த எழுத்து அழிய அழிய யாரோ ஒரு புண்ணியவான் மறுபடி மறுபடி எழுதிக்கொண்டே இருந்தான். அவன் இந்த அவையில் இருந்தால் கை தூக்க வேண்டாம்.

கதை இப்படி ஆரம்பித்தது. 2018 ஜனவரிச் சந்திப்பில், எங்கள் 1979-82 செட் சார்பில் புதிய நூலகக் கட்டடத்துக்கு ஏதாவது செய்யணும் என்று பேச்சு வந்தது. ஃபேன் வாங்கித் தரலாம் என்றான் ஒருவன். எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஐயா, அப்போது அவருக்கு எண்பத்து மூன்று வயசு, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், "நூலகத்துக்கு முதல்ல நல்ல வாசல் வேணும்பா" என்றார். அவ்வளவுதான். ஏழடி உயரம், நாலடி அகலம், இரட்டைக் கதவு, தேக்கில், சிற்ப வேலைப்பாடோடு என்று முடிவாகிவிட்டது. சிற்பம் என்றால் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சி என்றால் நான். "நீதானே அங்கே இருக்கே, ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கப் போறே, பார்த்துக்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து மரச் சிற்பம் பற்றி வெளியூர் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் சுற்று வட்டாரத்தில் பட்டறைகள் இருக்கின்றன. சாமி சிலை, வாகனம், பூஜை அறைக் கதவு எல்லாம் அங்கே உளியால்தான் பிறக்கும். சிலைக்கு அதிகம் வாகை மரம், கதவுக்குத் தேக்கு. சாலையோரம் கொட்டகை போட்டு, வாசலில் பாதி செதுக்கிய பிள்ளையாரை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்தக் கொட்டகைகளில் ஒன்றில்தான் எங்கள் ஸ்தபதியும் இருந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் போய் ஆர்டர் கொடுத்துவிடுவீர்கள், அப்புறம் அவர் இன்னும் லேட் செய்வார்.

2018 ஜூனில் விலை பேசினோம். ஒரு லட்சத்து நாற்பதாயிரம். நாற்பதாயிரம் அட்வான்ஸ். எப்போ கிடைக்கும் என்றேன். "வரைபடம் குடுத்த நாள்லேருந்து ஆறு மாசம் சார்" என்றார். அந்த 'வரைபடம் குடுத்த நாள்' என்ற வார்த்தையை நான் கவனிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் கான்ட்ராக்ட் பேப்பர் படித்தவன், கவனித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் வரைபடம் கொடுக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது! இடது கதவில் கல்வராயன் மலையும் கோமுகி ஆறும் என்பதில் தகராறு இல்லை. வலது கதவில் கபிலர் என்றார் ஐயா. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பெரிய பாறை இருக்கிறது, மேலே சின்னக் கோயில் மாதிரி கட்டடம். கபிலர் குன்று என்பார்கள். பாரி இறந்த பிறகு அவன் மகளிரைக் கரை சேர்க்க அலைந்த கபிலர், கடைசியில் அங்கேதான் வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆனால் அதே ஊர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் இறங்கினார் என்கிறது. எங்கள் செட்டில் வரலாறு படித்தவர்கள் கல்வெட்டுப் பக்கம். தமிழ் படித்தவர்கள் வடக்கிருத்தல் பக்கம். காமர்ஸ்காரர்கள், நான் உட்பட, எது சீக்கிரம் முடியுமோ அந்தப் பக்கம். வாட்ஸப் குழுவில் நடந்த சண்டையில் இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள். ஒருவர் இன்னும் திரும்பவில்லை.

கடைசியில் ஐயாதான் தீர்த்து வைத்தார். பாறையும் ஆறும் பெரிதாக இருக்கட்டும், கபிலர் சின்னதாக உட்கார்ந்திருக்கட்டும், வடக்கு பார்த்து. சரி என்று 2019 பிப்ரவரியில் ஸ்தபதியிடம் போனேன். அவர் பேப்பரைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "கதவு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு சார்?" ஏன் என்றேன். "வடக்கு எதுன்னு தெரியாம வடக்கு பார்த்து எப்படி ஒக்கார வைக்கிறது?" எட்டு மாதம் இரண்டாயிரம் வருஷத்து விஷயத்துக்குச் சண்டை போட்ட எங்களில் ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை பாருங்கள். நூலகருக்குப் போன் போட்டேன். வாசல் கிழக்கு. அப்படியானால் வெளியே நின்று பார்க்கிறவனுக்கு வலது கைப்பக்கம் வடக்கு. கபிலர் வலது பக்கம் முகம் திருப்பி உட்கார வேண்டும். "கதவைத் திறந்தா திசை மாறிடுமே?" என்றேன். "மூடியிருக்கும்போது வடக்கு பார்ப்பாரு. திறந்தா அவரு இஷ்டம் சார்" என்றார்.

அன்றைக்கே நான் ஒரு தப்பு செய்தேன். 2020 ஜனவரிச் சந்திப்பில் ஐயா கையால் திறந்து வைக்கணும், அதற்குள் கட்டாயம் வேணும், எழுதிக் கொடுங்கள் என்று நெருக்கினேன். அவர் தயங்கினார். பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு, "சரி சார், பார்க்கலாம்" என்றார். அந்தத் தட்டலுக்கு அர்த்தம் எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் அனுபவம் இருக்கும். போன் செய்தால் ரிங் போகும். எடுத்தால், "பாலீஷ்தான் பாக்கி." நேரில் போனால் டீ வரும், கதவு வராது. பட்டறையில் மற்றவர்கள் பொருளெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது, குதிரை போனது, யானை போனது, எங்கள் கபிலர் எங்கே என்று தெரியவில்லை. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதயமானது. ஊரே தோரணம் கட்டியிருந்த அந்த வாரத்தில் ஒருநாள், எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்க கதவை வேற யாருக்கோ வித்துட்டீரா?" என்று அவருடைய வேலையாட்கள் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் மகன் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தான். பதினாறு, பதினேழு வயசுப் பையன்.

2020 ஜனவரி போனது. மார்ச்சில் கொரோனா. பட்டறை மூடிக் கிடந்தது. 2021-ல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்குக் கவலை. நினைத்தபடியே அவருக்கு ஆர்டர் குவிந்தது, வரிசையில் நாங்கள் இன்னும் பின்னால் போனோம். 2022 ஆகஸ்டில் ஐயா காலமானார். கடைசியாக நான் பார்க்கப் போனபோதும், "கதவு எப்போ வரும்பா?" என்றுதான் கேட்டார். "பாலீஷ்தான் பாக்கி ஐயா" என்றேன். அந்தப் பொய்யை நானும் கற்றுக்கொண்டிருந்தேன்.

2023 பிப்ரவரியில், அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிடுவது என்ற முடிவோடு பட்டறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் அவர் மனைவி. "அவரு மலைக்குப் போயிருக்காருண்ணா, குதிரை வாகனம் செய்ய. வர இருபது நாள் ஆவும்" என்றார். விடுவேனா? கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். மலைப்பாதை முழுக்க அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

வெள்ளிமலையில் இறங்கி, கேட்டுக் கேட்டு, ஒரு டூவீலரில் தொற்றிக்கொண்டு அந்தச் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தேன். மலையாளி மக்களின் ஊர். பெயர் அப்படியே தவிர நம் தமிழ் பேசுகிறவர்கள்தான். கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தது. நடுவில் ஆளுயரக் குதிரை, முன்னங்கால் தூக்கியபடி. எங்கள் ஸ்தபதி அதன் பிடரி மயிரைச் செதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை. "வாங்க சார், சாப்டீங்களா?" என்றார். சாமைச் சோறு போட்டார்கள்.

நான் ஊர்ப் பெரியவரிடம் கேட்டேன், எத்தனை வருஷம் முன்னால் ஆர்டர் கொடுத்தீர்கள் என்று. "ஆர்டரா? தை மாசம்தான் கூப்ட்டோம்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஐந்து வருஷமாக நாங்கள் காத்திருக்கிறோம், இவர்களுக்கு நாற்பது நாளில் குதிரையா? பெரியவர் சிரித்துவிட்டு விளக்கினார். அவர் கொல்லையில் இருந்த வாகை மரம் காற்றில் விழுந்ததாம். அறுத்து, பலகையும் கட்டையுமாக, கோயில் பக்கத்துச் சாவடியில் நிழலில் அடுக்கி, இடையில் குச்சி வைத்துக் காற்றுப் போக விட்டு, மூன்று வருஷம் போட்டு வைத்திருந்தார்களாம். "மரம் ரெடி ஆன பொறவுதான ஆளைக் கூப்டணும்? ஆளு வந்து மரத்துக்குக் காத்துக் கெடந்தா அவருக்கு யாரு சோறு போடறது?" 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. அந்தக் காலத்தையும் பார்த்த மனுஷர். காத்திருப்பதைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்தபதி வேறு வேலையாகக் கீழே இறங்க, நானும் கூடவே வந்தேன். பட்டறையைத் திறந்து, பின்சுவரோரம் சாக்கு போர்த்தியிருந்த ஒரு பலகையை இழுத்து வெளிச்சத்தில் வைத்தார். எங்கள் கபிலர்! தென்பெண்ணை அலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பாறையின் சொரசொரப்புக்கூட இருந்தது. மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு வெடிப்பு.

"2019 கத்திரி வெயில்ல விட்டது சார். மரம் முழுசாக் காயல. நீங்க தேதி கேட்டீங்க, நானும் துணிஞ்சு உளி வச்சிட்டேன். பாருங்க, நேரா அவரு கழுத்து வழியாப் போவுது. மெழுகும் மரத்தூளும் வச்சு அடைச்சுக் குடுக்கலாம்தான். காலேஜ் புள்ளைங்க என்னா சொல்லும்?" 

ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன். "சொன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பீங்க. அட்வான்ஸ் அப்பவே மரமாயிடுச்சே சார்."

இங்கே கொஞ்சம் கணக்குப் பேச அனுமதிக்க வேண்டும், அதுதான் என் தொழில். மரம் நிழலில் காய்வதற்கு, கனம் ஓர் அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது உத்தேசக் கணக்கு. எங்கள் பலகை ஒன்றரை அங்குலம். அப்படியானால் பதினெட்டு மாதம். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். ஈரத்தோடு செதுக்கினால் பள்ளமான இடம் முதலில் காயும், மேடான இடம் பின்னால் காயும், இரண்டும் இழுத்துக்கொண்டு வெடிக்கும். நான் அட்வான்ஸ் கொடுத்தது 2018 ஜூன். அன்றே பலகை வாங்கிப் போட்டிருந்தால், நாங்கள் கபிலருக்காகச் சண்டை போட்ட எட்டு மாதமும் அது பாட்டுக்குக் காய்ந்திருக்கும். 2019 டிசம்பரில் பதம். அதற்கு மேல் ஆறு மாதம் செதுக்க. கொரோனாவுக்கு ஒரு வருஷம் தள்ளினாலும் 2021-ல் கதவு நின்றிருக்கும். ஐயா திறந்து வைத்திருப்பார்.

அவர் ஏன் அன்றே வாங்கவில்லை? எங்கள் நாற்பதாயிரத்தில் எங்களுக்கு முன்னால் இருந்தவருடைய வேலையை முடித்தார். எங்கள் பலகையை 2019-ல் எங்களுக்குப் பின்னால் வந்தவர் அட்வான்ஸில் வாங்கினார். எந்த ஆர்டரையும் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது, சொன்னால் அந்த மாத ரொட்டேஷன் நின்றுவிடும். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு மரத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்காதீர்கள். அது காப்புக்காடு, 1882-லிருந்து வனச் சட்டம் இருக்கிறது. நாலு மரம் வாங்கி இரண்டு வருஷம் அடுக்கி வைக்கிற முதல் அவர் கையில் இல்லை.

நான் இங்கே படிக்கும்போது என்.சி.சி.யில் பாயின்ட் டூ டூ ரைபிள் சுட்டவன். அந்தப் பழக்கத்தில் துப்பாக்கி பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். லண்டனில் பர்டி என்று ஒரு துப்பாக்கிப் பட்டறை, 1814-ல் ஆரம்பித்தது. வாங்குகிறவரின் தோள், கை, கழுத்து அளவெடுத்து, அவருக்கென்றே செய்வார்கள். வால்நட் கட்டையை வருஷக்கணக்கில் காயவைத்துத்தான் உளி வைப்பார்கள். ஆர்டர் கொடுத்தவர் இரண்டு வருஷம்போலக் காத்திருப்பார், அதைப் பெருமையாக வெளியே சொல்லிக்கொள்வார். அந்தக் கட்டை அலமாரியில் சும்மா கிடந்த வருஷங்களுக்கும் சேர்த்து விலையில் வாங்கிவிடுகிறார்கள். நம் ஊரில் அந்த வருஷங்களுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. உளி பட்ட நாளுக்குத்தான் கூலி.

அதற்காக அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. வெடித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாலு வருஷம் 'பாலீஷ்' என்று சொன்னது தப்புதான். பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்தபோது அதன் உத்திரத்தைத் தன் சொந்தக் காசில் வாங்கி, நன்றாகக் காய்ந்த தேக்கு அது, 2021-லேயே எங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அதற்கப்புறமும் புது ஆர்டர்களை முன்னால் விட்டார். அந்த ஒன்றரை வருஷத்துக்கு மரத்தைக் குறை சொல்ல முடியாது. இதை அவரிடமே சொன்னேன். "ஆமா சார்" என்றார். நானும் 2019-ல் பட்டறையில் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் மகன் இருக்கும்போதுதான் கேட்டேன், அவன்தானே பார்த்தவன்.

2024 ஜனவரியில் கதவு வந்தது. மாட்டுகிற அன்று அவரே உடன் வந்தார். சிற்பப் பலகையைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அறையவில்லை. சட்டத்தில் காடி எடுத்து, பலகையை அதில் கொஞ்சம் தளர்வாக விட்டிருக்கிறார். மழைக்கு உப்பவும் வெயிலுக்குச் சுருங்கவும் இடம். வேண்டுமானால் வெளியே போகும்போது கபிலர் பலகை ஓரத்தில் விரல் வைத்துப் பாருங்கள், மயிரிழை ஆடும். அது பழுது என்று நினைத்து யாரோ ஒரு மாணவர் ஃபெவிகால் ஊற்றப் போனதாக நூலகர் சொன்னார். தம்பி, தயவுசெய்து வேண்டாம்.

ஐயாவின் மகள் வந்து திறந்து வைத்தார். வெடித்த பலகையையும் ஸ்தபதியிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அது நூலகத்துக்குள், அகராதிகள் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறது. இரண்டையும் பாருங்கள். எனக்கென்னவோ உள்ளே இருக்கிற கபிலர் முகம்தான் இன்னும் நன்றாக வந்திருப்பதாகப் படுகிறது.

கடைசியாக ஒரு தகவல். கலையரங்கத்துக்கு ஒரு பேச்சு மேடை செய்து தரணும் என்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. இந்தத் தடவை அட்வான்ஸ் கொடுக்கவில்லை. சென்ற ஜூனில் சங்கப் பணத்தில் பலகையையே வாங்கி, ஸ்தபதியின் கொட்டகையில் நிழலில் அடுக்கி, இடையில் குச்சி வைத்தாகிவிட்டது. வாடகை மாதம் முந்நூறு. பலகை இரண்டு அங்குலம். மேலே சாக்பீஸில் 'ஜூன் 2026' என்று அவர் மகன் எழுதியிருக்கிறான். அதுவரை என்ன சிற்பம் என்று நீங்கள் தாராளமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். எனக்குப் போன் மட்டும் செய்யாதீர்கள்.